அசலைப் பூட்டி வைத்த ஊர்

மோந்தின்யாக் என்ற சிற்றூரில் டிக்கெட்டோடு வரிசையில் நின்றபோதே எங்கள் மூவருக்கும் தெரியும், நாங்கள் பார்க்கப் போவது அசல் அல்ல என்று. "நகலைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று என் கணவர் முணுமுணுத்தார். எட்டு வயது மகளோ, "அப்போ அசல் எங்கேம்மா?" என்று கேட்டாள். மரங்கள் அடர்ந்த குன்றைக் காட்டினேன். அசல் அங்கேதான் இருக்கிறது, பூட்டிய கதவுக்குப் பின்னால்.

பிரான்ஸ் என்றால் நம்மில் பலருக்குப் பாரிஸோடு பயணம் முடிந்துவிடும். நாங்கள் இம்முறை தென்மேற்கே, தோர்தோன் மாவட்டத்துக்குப் போனோம். பெரிகோர் என்பது அதன் பழைய பெயர். உள்ளூர்க்காரர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். வால்நட் தோப்புகள், தேன் நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகள், வளைந்து வளைந்து ஓடும் இரண்டு ஆறுகள். அவற்றில் சிறியதான வேசேர் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆதிமனிதன் வாழ்ந்த தடங்கள் அவ்வளவு நெருக்கமாகக் கிடைத்திருக்கின்றன. 1979இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

லாஸ்கோ குகை கண்டுபிடிக்கப்பட்டது 1940 செப்டம்பர் 12ஆம் தேதி. பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று மூன்று மாதங்கூட ஆகவில்லை. மார்செல் ராவிதா என்ற இளைஞனும் அவனுடைய நண்பர்கள் மூவரும் காட்டில் ஒரு குழியை அகலப்படுத்தி உள்ளே இறங்கினார்கள். விளக்கை உயர்த்தியதும் சுவரெங்கும் காளைகள், குதிரைகள், மான்கள். வரைந்தவர்கள் போய்ச் சேர்ந்து ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நால்வரில் சிமோன் கோயன்காஸ் ஒரு யூதச் சிறுவன். குகையைக் கண்டுபிடித்த சில நாட்களில் பாரிஸ் திரும்பினான். அவன் பெற்றோர் பின்னர் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். அவன் மட்டும் தப்பி, 2020 வரை வாழ்ந்தான்.

போர் முடிந்தபின், 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. மக்கள் திரண்டார்கள். 1955 வாக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 பேர் உள்ளே போய் வந்தார்கள். யாரும் ஓவியத்தைத் தொடவில்லை, கிறுக்கவில்லை. மூச்சு மட்டும்தான் விட்டார்கள். அந்த மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும் உடல் சூடும் போதுமானதாக இருந்தது. சுவரில் பச்சைப் பாசி படர ஆரம்பித்தது. இன்னொரு பக்கம் வெண்ணிறச் சுண்ணாம்புப் படலம் ஓவியங்களை மூடத் தொடங்கியது. 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். அதன் பிறகும் தொல்லை தீரவில்லை. 2001இல் வெள்ளைப் பூஞ்சை பரவியது. சில ஆண்டுகளில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. இன்று ஆய்வாளர்கள்கூட விரல்விட்டு எண்ணும் அளவில், குறைந்த நேரத்துக்கே உள்ளே போக முடியும்.

ஆகவே நகல். 1983இல் குகையின் ஒரு பகுதியை அப்படியே உருவாக்கி அருகிலேயே திறந்தார்கள். 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ 4 அதைவிடப் பெரியது. அசல் குகையை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளங்களைக்கூட விடாமல் வார்த்து, ஓவியர்கள் கையால் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் குளிர் தாக்குகிறது. எங்கள் வழிகாட்டிப் பெண் எல்லாரையும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். தலைக்கு மேலே, ஐந்து மீட்டருக்கும் நீளமான காளை ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. கறுப்புக்கு மாங்கனீசு, சிவப்புக்கு இரும்புத் தாது, வெளிச்சத்துக்கு விலங்குக் கொழுப்பு எரிந்த கல் விளக்கு. இவ்வளவுதான் அவர்களிடம் இருந்த பொருள். ஒரு செய்தி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை பனிமான் எலும்புகள். அதைத்தான் அவர்கள் தின்றிருக்கிறார்கள். ஆனால் சுவரில் பனிமான் என்று அடையாளம் காணப்பட்டது ஒன்றே ஒன்று. சாப்பிட்டதை அவர்கள் வரையவில்லை. வேறெதையோ நினைத்து வரைந்திருக்கிறார்கள்.

முணுமுணுத்தவர் வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நகல் என்பது ஏமாற்று வேலை என்று நானும் நினைத்ததுண்டு. அங்கே அப்படித் தோன்றவில்லை. அசலைப் பார்க்காமல் இருப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை என்றால், அதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் இடத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. நம் ஈப்போ பக்கம் தம்புன் மலைச்சுவரில் உள்ள பழைய ஓவியங்கள் வெயிலிலும் மழையிலும் திறந்தே கிடப்பது நினைவுக்கு வந்தது.

குகையை மூடிய அதே மால்ரோ, அதற்கு முந்திய ஆண்டு, அதாவது 1962இல், பழைய நகர்ப்பகுதிகளை இடிக்காமல் காக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதனால் முதலில் பயனடைந்த ஊர்களில் ஒன்று சார்லா. இங்கே வைத்தியம் நேர்மாறானது. பூட்டவில்லை, மக்களை உள்ளேயே வாழ விட்டுவிட்டுக் கல்லைச் சீர்செய்தார்கள். சாய்ந்த கல் கூரைகளுக்குக் கீழே இன்றும் துணி காய்கிறது. பழைய சாந்த் மரி தேவாலயம் இப்போது காய்கறிச் சந்தை. அதன் பிரம்மாண்டமான எஃகுக் கதவுகளை வடிவமைத்தவர் இதே ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நூவெல். சனிக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

சாப்பாடு பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிகோர் வாத்துக்கும் கூஸுக்கும் பேர்போன ஊர். சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்குப் பொரியலைப் பார்த்து ஆசையாக வாங்கிவிடாதீர்கள். இவ்வூரின் புகழ்பெற்ற பொரியல் வாத்துக் கொழுப்பில் வறுத்தது. கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த சாலட், வால்நட் கேக் இரண்டும் எங்களை ஒரு வாரம் காப்பாற்றின.

தோர்தோன் ஆற்றங்கரையில் பெய்னாக், காஸ்தெல்னோ என்று இரண்டு கோட்டைகள் ஆளுக்கொரு மலையுச்சியிலிருந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நூறாண்டுப் போரில் ஒன்று பிரெஞ்சுக்காரர் பக்கம், மற்றது பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில். அந்தப் போர் ஓய்ந்ததும் இதே ஆற்றின் கரையில்தான், கீழே காஸ்தியோன் என்ற இடத்தில், 1453இல். பிள்ளைகளோடு போகிறவர்கள் காஸ்தெல்னோவைத் தேர்ந்தெடுங்கள். கல்லெறியும் பழைய போர்ப்பொறிகளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆற்றோரமாகவே போனால் லா ரோக் கஜாக். செங்குத்தான பாறையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை வரிசை ஊர். பாறை தெற்கு நோக்கி இருப்பதால் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த இளஞ்சூட்டில் வாழை மரம் வளர்கிறது! அதைப் பார்த்ததும் மகளுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டது. அதே பாறைதான் 1957 ஜனவரியில் பெயர்ந்து விழுந்து மூவரைப் பலிகொண்டது. ஊர் இடம் மாறவில்லை.

பக்கத்து லோட் மாவட்டத்தில் உள்ள பாதிராக் பாதாளக் குழிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பூமி வட்டமாக வாயைப் பிளந்த மாதிரி இருக்கும் அந்தக் குழிக்குள் மின்தூக்கியிலோ படியிலோ இறங்கி, நிலத்தடி ஆற்றில் படகில் போகலாம். எதுவார் ஆல்ஃபிரெட் மார்தெல் 1889இல் இறங்கி ஆராய்ந்தார். 1898 முதல் மக்கள் வந்து போகிறார்கள். ஒலிபரப்பில் இருப்பதால் எங்கே போனாலும் எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். துடுப்பு நீரில் விழும் சத்தம், அது சுவரில் பட்டுத் திரும்பும் இடைவெளி, உயரத்திலிருந்து சொட்டும் ஒரு துளி. எந்த ஸ்டூடியோவிலும் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை.

அசலையே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ரூஃபின்யாக் குகைக்குள் சிறிய மின்சார ரயில் ஓடுகிறது. நடக்க முடியாத முதியவர்களும் போகலாம். கூரையெங்கும் மாமத் யானைகள். வரைந்த காலத்தில் தரைக்கும் கூரைக்கும் ஒரு மீட்டர்தான் இடைவெளி என்பதால் படுத்துக்கொண்டே வரைந்திருக்கிறார்கள். அந்த மாமத்துகளின் மீதே, சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் விளக்குப் புகையால் தங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

லெஸேஸி ஊரில் உள்ள ஃபோன் த கோம் வேறு வகை. பல வண்ண ஓவியங்களின் அசலைப் பொதுமக்கள் இன்னும் பார்க்க முடிகிற அரிய குகை அது. நாளுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்து, சிறு குழுவாகவே அனுப்புகிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கோடையிலும் ஜாக்கெட் வேண்டும். போர்தோவிலிருந்து சார்லாவுக்கு ரயில் உண்டு, ஆனால் குகைகளுக்கிடையே சுற்ற வாடகைக் கார்தான் வசதி.

உள்ளே பைகள் கூடாது, சுவரில் தோள் உரசக் கூடாது. பாறையின் புடைப்பைக் காட்டெருமையின் தோளாக மாற்றியிருந்தார் அந்தப் பெயர் தெரியாத ஓவியர். வழிகாட்டி விளக்கைச் சாய்த்து ஒரு கோட்டைக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மண்டியிட்ட பெண் பனிமானின் நெற்றியை ஆண் மான் நக்கிக் கொடுப்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விடு கண்ணு, கொஞ்சம் விடலாம்" என்று அவள் அப்பா காதோடு சொன்னார். வழிகாட்டி விளக்கை அணைத்து எங்களைத் தலை எண்ணி வெளியே அனுப்பினார். அடுத்த குழு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தது.