புதிய வேலை கிடைத்தால் ஆட்குறைப்பு இழப்பீடு குறையுமா?

ஆஸ்திரேலியாவில் ஆட்குறைப்பால் வேலை இழப்பவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டம் வகுத்த குறைந்தபட்ச உரிமை. ஓராண்டு முடித்தவருக்கு 4 வாரச் சம்பளம், ஐந்தாண்டு முடித்தவருக்கு 10 வாரம், ஒன்பதாண்டு முடித்தவருக்கு 16 வாரம். பத்தாண்டைத் தொட்டவருக்கு அது 12 வாரமாக இறங்குகிறது. அந்தக் காலத்துக்குள் நீண்டகாலப் பணி விடுப்பு சேர்ந்திருக்கும் என்பதே காரணம். 15 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள சிறு நிறுவனங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

இத்தொகையைக் குறைக்க 120ஆம் பிரிவு இரண்டே காரணங்களை ஏற்கிறது: நிறுவனத்தால் பணம் கட்ட முடியாத நிலை, அல்லது ஊழியர் ஏற்கத்தக்க வேறு வேலையை முதலாளியே பெற்றுத் தந்திருப்பது. எதுவானாலும் முதலாளி தானாகப் பிடித்தம் செய்ய முடியாது. ஃபேர் வொர்க் ஆணையத்தில் மனுப் போட வேண்டும். ஊழியர் தரப்பையும் கேட்ட பிறகு ஆணையம் தொகையைக் குறைக்கலாம், ஒன்றுமில்லாமலும் ஆக்கலாம், மனுவைத் தள்ளுபடியும் செய்யலாம்.

வேலையைக் கொண்டுவந்தது யார் என்பதே முதல் கேள்வி. முதலாளியின் முயற்சியால் இன்னொரு நிறுவனம் அந்த ஊழியருக்கு வேலை தர முன்வந்திருக்க வேண்டும் என்று 2015இல் ஃபெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு விளக்கியது. விளம்பரத்தைக் காட்டுவதோ, நற்சான்றுக் கடிதம் தருவதோ மட்டும் போதாது. ஊழியர் தானே அலைந்து தேடிய வேலை, மறுநாளே கிடைத்திருந்தாலும், முதலாளிக்கு இப்பிரிவில் கைகொடுக்காது. இது நியாயமான கோடு. அடுத்தவரின் உழைப்பால் முதலாளியின் கடன் தீர்ந்துவிடக் கூடாது.

அடுத்தது, அந்த வேலை ஏற்கத்தக்கதா என்பது. ஊழியரின் விருப்பு வெறுப்பை மட்டும் வைத்து இதை முடிவு செய்வதில்லை. சம்பளம், வேலை நேரம், இடம், பதவி நிலை, வேலைப் பாதுகாப்பு எல்லாம் பழைய வேலையோடு ஒப்பிடப்படும். வாரம் 1,200 டாலர் அடிப்படைச் சம்பளத்தில் ஆறாம் ஆண்டில் இருக்கும் கிடங்கு ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சேர வேண்டியது 12,000 டாலர். புதிய இடத்தில் அதே சம்பளம் கிடைத்தாலும், பயணம் ஒரு மணி நேரம் கூடலாம்; இரவுப் பணிக்கான கூடுதல் தொகை போய்விடலாம்; பழைய பணிக்காலம் கணக்கில் வராமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். ஆணையத்தின் முன் இவையெல்லாம் எடை போடப்படும். மறுபுறம், எல்லா வகையிலும் ஈடான வேலையைக் காரணமின்றி மறுத்தவர் இழப்பீட்டை இழக்க நேரலாம்.

வேலை ஒப்பந்தம் சட்டத்தைவிடக் கூடுதல் தொகை தருவதாகச் சொன்னால், அந்தக் கூடுதல் பகுதியில் 120ஆம் பிரிவு கைவைப்பதில்லை. அங்கே ஒப்பந்தத்தின் விதிகளே பேசும்.