கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

இருளில் விளக்கேற்றுபவன் பிறரைக் காணுமுன், பிறர் கண்ணுக்குத் தானே அகப்பட்டுவிடுகிறான். வேலியோரத்தில் ரோச் விளக்கோடு கள்வனைத் தேடிச் சென்றோர் யாவரும் இதனை அறிவர். போர்க்களத்திலோ இதற்கு விலை உயிர். ஆகவே, தான் காணவும் எதிரி காணாதிருக்கவும் கூடியதொரு வெளிச்சத்தைப் படையினர் நாடினர்.

அத்தகைய ஒளி உண்டென்பது 1800ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. இங்கிலாந்தில் வாழ்ந்த வானியலறிஞர் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தினூடே செலுத்தி, பிரிந்த நிறங்களின் வெப்பத்தை அளந்தார். செந்நிறத்துக்கு அப்பால், நிறமெதுவும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியே மிகுதியாக ஏறிற்று. அங்கு விழுந்தது செந்நிறக்கீழ்க் கதிர்.

அக்கதிர் துப்பாக்கியில் ஏறியது இரண்டாம் உலகப் போரின் இறுதியிலேயாகும். 1945இல் ஒக்கினாவாத் தீவில் அமெரிக்கர் சிலர், செந்நிறக்கீழ்க் கதிரை மட்டும் வெளியிடும் விளக்கொன்றைத் துப்பாக்கியில் பொருத்திக்கொண்டு யப்பானியரை எதிர்கொண்டனர். எதிரிமீது பட்டுத் திரும்பிய கதிர் ஒரு குழாயினுள் நுழைந்து, வெள்ளியும் சீசியமும் சேர்ந்த மெல்லிய பூச்சின்மேல் விழும். அதிலிருந்து கிளம்பும் இலத்திரன்கள் உயர் மின்னழுத்தத்தால் உந்தப்பட்டுத் திரையில் மோத, பச்சை நிற உருவம் தோன்றும். ஆனால் நூறு மீற்றருக்கு அப்பால் அதனால் பயனில்லை. பாரமான பற்றரியையும் முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் ஜேர்மனியர் வெளிக்கொணர்ந்த கருவிக்கு ‘வம்பீர்’, அதாவது இரத்தக் காட்டேரி, என்று பெயர்.

வியட்நாம் போர்க்காலத்தில், விண்மீன்களின் மங்கலொளியையே பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவிகள் வந்தன. விளக்கே வேண்டாம் என்ற நிலை. எனினும் புதியதொரு இடர் பின்னர் தோன்றிற்று. இரவுக் கண்ணாடி தலைக்கவசத்துக்கு ஏறி, கண்முன் தொங்கத் தொடங்கியதும், துப்பாக்கியின் குறிகாட்டியில் கண்ணை வைப்பது அரிதாயிற்று.

இதனைத் தீர்த்தது லேசர். தியோடோர் மைமன் முதல் லேசரை 1960இல் இயக்கினார். இரண்டே ஆண்டுகளில், செந்நிறக்கீழ்க் கதிரை வீசும் சிறு குறைகடத்தி லேசரும் பிறந்தது. அதன் வழிவந்த கருவியே இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாகத் துப்பாக்கியில் அமர்ந்துள்ளது. அது தரும் கதிர்கள் இரண்டு. ஊசிபோன்ற ஒன்று குண்டு பாயுமிடத்தில் புள்ளியிடும். விரிந்த மற்றொன்று, விண்மீனொளி எட்டாத வீட்டினுள்ளும் குகையினுள்ளும் வெளிச்சமிடும். கதிர் நேரே செல்லும், குண்டோ வளைந்து தாழும். ஆதலால் குறித்ததொரு தூரத்துக்கு இரண்டையும் முன்கூட்டியே இசைவித்தல் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாததாலேயே இக்கதிர் கண்ணுக்குக் கேடானது. அது விழியினூடே புகுந்து விழித்திரையில் குவியும். ஒளி தெரியாமையால் இமை மூடாது. பயிற்சியின்போது வலுக்குறைத்துப் பயன்படுத்துவது இதனாலேயே. பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதற்கென்றே ஆக்கப்படும் லேசர் ஆயுதங்களை 1995இல் வியன்னாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உடன்படிக்கை தடைசெய்தது. குறிபார்க்கும் கருவிகள் அத்தடையில் அடங்கா.

இக்கருவியின் மறைவோ, எதிரியிடம் இரவுக் கண்ணாடி இல்லாதவரைதான். அவனும் ஒன்றை அணிந்துவிட்டால், புகையிலும் புழுதியிலும் அக்கதிர் இழுத்துக் கட்டிய கயிறுபோல் துலங்கும். கயிற்றின் மறுமுனையில் துப்பாக்கியும் அதை ஏந்தியவனும் இருப்பர். விளக்கேந்தியவனின் பழைய சங்கடமே மீண்டும் வந்து வாய்த்தது. எனவே சுடும் கணத்தில் மட்டும் கதிரை மூட்டி உடனே அணைத்துவிடப் பயிற்றுகின்றனர். சில படைகள் குறிகாட்டியைச் சற்று உயர்த்திப் பொருத்தி, இரவுக் கண்ணாடியினூடாகவே அதை நோக்கி, கதிரின்றிச் சுடவும் கற்பிக்கின்றன.