மணலிடுக்கில் ஒரு புதிய தொகுதி

பிரான்ஸ் தேசத்து ரோஸ்காஃப் கடலடியிலிருந்து எடுத்த பருமணலை, 1982ஆம் ஆண்டில், டென்மார்க் விஞ்ஞானி ரைன்ஹார்ட் கிறிஸ்டென்சன், நேரம் குறைந்ததால் வழக்கமான மயக்கமருந்து முறையை விடுத்து வெறும் நன்னீரில் அலசியபோது, உப்பு மாறிய அதிர்ச்சியில் மணிகளைப் பற்றியிருந்த பிடி தளர்ந்து வெளிவந்தவையே லோரிசிஃபெரா என்னும் நுண்விலங்குகள்.

கால் மில்லிமீட்டர் அளவேயான இப்பிராணி, ஆறு தகடுகளாலான கவசத்துக்குள் தலையை உள்ளிழுத்துக்கொள்ளும். வெளிநீட்டுங்கால் தலையைச் சுற்றி வரிசை வரிசையாக முட்கள் விரிகின்ற விசித்திர அழகை, நின்று நிதானமாக நோக்குதல் வேண்டும்.

அறிந்த விலங்குத் தொகுதி எதனுள்ளும் இது அடங்காமையால், 1983இல் நானலோரிகஸ் மிஸ்டிகஸ் என்னும் இனப்பெயர் சூட்டப்பெற்று, இதற்கெனத் தனித் தொகுதியே வகுக்கப்பெற்றது. விலங்கியலில் இது மிக அபூர்வமான சம்பவம். துடுப்பொத்த இரு பின்விரல்களால் நீந்தும் இதன் இளம்பருவம், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஹிகின்ஸின் பெயரைத் தாங்கியுள்ளது.