மெய்ப்பணமும் பயிற்சிக் காசும்: மின்னணுச் சொத்துடையோர் அறிய வேண்டியவை

ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் கீரமங்கலத்திலும் எத்தனையோ குடும்பங்களில், சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ பிள்ளைகள் பாடுபட்டு அனுப்பும் பணம் வந்து சேரும் அதே கைப்பேசியில், பிட்காயின், ஈதர் முதலிய மின்னணுச் சொத்துக்களை வாங்கவும் விற்கவும் வழி திறந்திருக்கின்ற இக்காலத்தில், அச்சொத்துக்கள் நடமாடும் வலையமைப்புகள் இருவகைப்பட்டவை என்பதை ஒவ்வொருவரும் சந்தேகத்திற்கிடமின்றி அறிந்திருத்தல் அவசியம். மெய்ப்பணம் புழங்குவதை மெயின்நெட் என்றும், பயிற்சிக்கென்றே அமைந்ததை டெஸ்ட்நெட் என்றும் தொழிலில் உள்ளோர் அழைக்கின்றனர். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தோற்றமுடையன. விளைவிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உடையன.

தாம் எழுதும் மென்பொருளின் பிழைகளைப் பிறர் பணத்தின் மீது சோதித்துப் பார்த்தல் தகாது என்னும் நியாயமான எண்ணத்திலிருந்து பிறந்தது டெஸ்ட்நெட். அங்கே வழங்கும் காசுகள், கேட்போர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கப்படுபவை. புதுக்கோட்டைச் சமஸ்தானம் வெளியிட்ட அம்மன் காசு, ஒருபுறம் பிரகதாம்பாளின் திருவுருவமும் மறுபுறம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் தாங்கி, அளவில் மிகச் சிறியதாயினும், சமஸ்தானத்தின் ஆணை அதன் பின்னே நின்றமையால் கடைத்தெருவில் செல்லுபடியாயிற்று. டெஸ்ட்நெட் காசின் பின்னேயோ எவருடைய ஆணையும் இல்லை. அப்படியிருந்தும் மனிதரின் ஆசை அதற்கும் விலை கற்பித்தது. பிட்காயினின் பயிற்சிக் காசுகளைச் சிலர் மெய்ப்பணத்திற்கு விற்கத் தொடங்கியதால், அந்த வலையமைப்பையே கலைத்து மீண்டும் தொடங்க நேர்ந்தது. ஈதர் நடமாடும் ஈத்தரியத்தின் கோர்லி என்னும் பயிற்சி வலையின் காசு 2023ஆம் ஆண்டில் விலைக்கு விற்கப்பட்டது; பின்னர் அவ்வலையே கைவிடப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கியோர் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை.

ஆகவே, இவ்விரண்டையும் பிரித்தறியும் அடையாளங்களை முதலில் கற்றல் வேண்டும். பிட்காயினில் மெய்யான முகவரி 1, 3 என்னும் எண்களில் ஒன்றிலோ ‘பி.சி.1’ என்றோ தொடங்கும்; பயிற்சி முகவரி எம், என் என்னும் ஆங்கில எழுத்துக்களில் ஒன்றிலோ, 2 என்னும் எண்ணிலோ, ‘டி.பி.1’ என்றோ தொடங்கும். ஈத்தரியத்தில் இந்த வசதி இல்லை; ஒரே முகவரி இரண்டு வலையிலும் செல்லுமாதலால், வாலட் என்னும் பணப்பைச் செயலியில் காட்டப்படும் வலையமைப்பின் எண்ணையே பார்த்தல் வேண்டும். மெய்யான வலைக்கு எண் 1. செபோலியா என்னும் பயிற்சி வலைக்கு எண் 11155111. இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாதது, ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்குச் சோதனை முறையில் வழங்கத் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய். சோதனை முறை என்று பெயரிருப்பினும் அது சட்டப்படி செல்லும் மெய்யான பணமே.

அபாயங்களுள் முதலாவது, பயிற்சிக்கு உபயோகித்த ரகசியச் சொற்றொடரையே மெய்யான வாலட்டுக்கும் வைத்துக்கொள்வது. பழகும்போது அலட்சியமாகப் பிறரிடம் காட்டிய பன்னிரண்டு சொற்கள், பின்னாளில் மெய்ச்சொத்தின் சாவியாகவும் இருக்குமாயின், கதவைத் திறந்து வைத்துக் களவை அழைப்பதற்கொப்பாகும். இரண்டாவது, விற்ற பொருளுக்கு விலையாகப் பயிற்சிக் காசை அனுப்பி, ‘பணம் வந்துவிட்டது பாருங்கள்’ என்று நம்பச் செய்வது. மூன்றாவது, போலிச் செயலியில் லட்சம் லட்சமாக லாபம் ஏறுவதாக எண்களைக் காட்டி, அதை எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்ட வேண்டும் என்று மேலும் பணம் பறிப்பது. மெய்யான வரியை அரசாங்கத்திற்குச் செலுத்துவதேயன்றி, முன்பின் அறியாதவன் கணக்கிற்குச் செலுத்துவதில்லை என்பதை நினைவிற்கொள்க.

திரையை மட்டும் நம்புதல் தேர்ந்தவர்களையும் கெடுத்திருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்னும் மின்னணுச் சொத்து வணிக நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள சொத்து களவு போனபோது, திரையில் காட்டப்பட்ட விவரமும் உண்மையில் கையொப்பமான பரிவர்த்தனையும் வேறுபட்டிருந்தன என்று அந்நிறுவனமே அறிவித்தது.

எதைத் தேர்வது என்னும் வினாவிற்கு என் விடை இது: அனுப்பவும் பெறவும் சாவியைக் காக்கவும் கற்கும் வரையில், தனியானதொரு வாலட்டில், டெஸ்ட்நெட்டிலேயே பழகுக. ஆயினும், விலை சரியும்போது உண்டாகும் மனக்கலக்கத்தையும், லாபத்தின் மீது 2022 ஏப்ரல் 1 முதல் விதிக்கப்படும் 30 சதவீத வரியையும், ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழிக்க இயலாமையையும் பயிற்சி வலை கற்பிக்காதாகையால், மெய்யான வலைக்குள் புகும்போது, இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய மிகச் சிறு தொகையுடனேயே புகுக. தவறான முகவரிக்குச் சென்றதைத் திருப்பி அழைக்க அங்கே வங்கி மேலாளர் இல்லை. வணிகத் தளம் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்றதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்தறிக.

உரிமைகளைப் பொறுத்தவரை, நமது மாநிலத்தின் உயர்நீதிமன்றமே வழிகாட்டியிருக்கிறது. 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்.ஆர்.பி. என்னும் மின்னணுக் காசுகளை வாங்கி, மேற்சொன்ன களவிற்குப் பின் கணக்கு முடக்கப்பட்ட ஒரு பெண்மணியின் வழக்கில், இத்தகைய கிரிப்டோ நாணயம் பணமன்று எனினும், ஒருவர் உடைமையாக வைத்து அனுபவிக்கத்தக்க சொத்தே என்று 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். பயிற்சிக் காசை விலை கொடுத்து வாங்கி ஏமாந்தவர்க்கோ, அக்காசின் மீது உரிமை கொண்டாடுவதால் பயனில்லை. கொடுத்த ரூபாயை வஞ்சகமாகப் பறித்த குற்றத்தின் மீதே வழக்கு நிற்கும்.

ஏமாற்றப்பட்டோர் வெட்கத்தினால் மௌனமாயிருத்தல் கூடாது. உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கும் தெரிவிப்பீர்களாயின், பணம் கைமாறுமுன் அதை முடக்கி வைக்க வாய்ப்புண்டு. பரிவர்த்தனை எண், முகவரி, உரையாடல், திரைப்பிடிப்புகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்தை நாடுக. குற்றம் எந்த எல்லையில் நிகழ்ந்ததாயினும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு விதிக்கிறது; முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. வழக்குரைஞரை அமர்த்த வசதியில்லாதோர்க்கும், வருமானம் எதுவாயினும் பெண்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது. அதற்கான எண் 15100.

வெயிலிலும் அயல்நாட்டு மண்ணிலும் சிந்திய வியர்வை, ஒரு திரையின் தோற்றத்தை நம்பியதனால் வீணாகலாகாது. ஆதலால், எந்தப் பொத்தானையும் அழுத்துமுன் எந்த வலையில் நிற்கிறோம் என்று பாருங்கள், விளங்காவிடில் அழுத்தாதீர்கள், விளங்கியவர்கள் வீட்டிலுள்ள பெரியோர்க்கும் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.