நாளையைக் காட்டிய திரை

நுழையும்முன்

நாளை எப்படி இருக்கும் என்னும் வினா எல்லாக் காலத்து மக்களுக்கும் உரியது. அறிவியல் அறிந்தவற்றை அடித்தளமாகக் கொண்டு, அறியாதவற்றைக் கற்பனையால் நிரப்பி, அவ்வினாவுக்குக் கதைவடிவில் விடை தேடுவது அறிவியல் புனைவு. 1970களில் வெளிவந்த அறிவியல் புனைவுத் திரைப்படங்களும் அக்காலத்தில் புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சித் தொடரும் தம் பார்வையாளர்களிடம் எவற்றைப் பேசின, எவ்வாறு பேசின என்பதை இப்பாடம் விளக்குகிறது.

நிலவுக்குப் பின்

1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் மனிதர் நிலவில் இறங்கினர். புவிக்கு வெளியே வேறொரு நிலத்தில் காலடி வைப்பது அதுவரை கதைகளில் மட்டுமே நிகழ்ந்தது. அன்று அது செய்தியாயிற்று. உண்மை இவ்வளவு விரைந்து முன்னேறிய பிறகு அறிவியல் புனைவு சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆயினும், அடுத்த பத்தாண்டுகளில்தான் இவ்வகைத் திரைப்படங்கள் ஆழமான பல வினாக்களை எழுப்பின.

அதற்குக் காரணங்கள் உண்டு. விண்வெளி வீரர்கள் எடுத்துவந்த ஒளிப்படங்களில் புவி, இருளில் மிதக்கும் சிறிய நீல உருண்டையாகத் தெரிந்தது. நாம் வாழ இருப்பது இந்த ஓரிடம்தான் என்னும் உணர்வு பரவியது. 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் புவி நாள் கடைப்பிடிக்கப்பட்டது. 1972 ஜூனில் மனிதச் சுற்றுச்சூழல் குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு ஸ்டாக்ஹோம் நகரில் கூடியது. அவ்வாண்டு டிசம்பரில் அப்பல்லோ 17 திரும்பியதோடு நிலவுப் பயணங்கள் நின்றன. 1973ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கியது. நிலவுக்கு மனிதரை அனுப்பிய நாட்டின் மக்கள், பெட்ரோலுக்காக வரிசையில் காத்து நின்றனர். பெருமிதமும் அச்சமும் கலந்த இச்சூழலே அக்காலத் திரைக்கதைகளின் விளைநிலம்.

வானில் ஒரு காடு

1972இல் வெளிவந்த ‘சைலன்ட் ரன்னிங்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை டக்ளஸ் டிரம்புல் இயக்கினார். கதை நிகழும் காலத்தில் புவியில் காடுகள் இல்லை. எஞ்சிய மரங்களும் செடிகளும் விண்கலங்களோடு இணைந்த கண்ணாடிக் கூண்டுகளுக்குள், சனிக்கோளுக்கு அருகே பாதுகாக்கப்படுகின்றன. ஒருநாள் அக்காடுகளை அழித்துவிட்டு, கலங்களை வணிகப் பணிக்குத் திருப்பிக் கொண்டுவருமாறு ஆணை வருகிறது. உடனிருக்கும் மூவரும் வீடு திரும்பும் மகிழ்ச்சியில் அதனை நிறைவேற்றத் தொடங்குகின்றனர். காட்டைப் பேணிவந்த தாவரவியலாளர் லோவெல் மறுக்கிறார். கடைசிக் காட்டைக் காப்பதற்காக அம்மூவரின் உயிரையும் பறிக்கிறார்.

இங்கு எழும் அறச்சிக்கலை மாணவர்கள் உற்றுநோக்க வேண்டும். மரங்களை வெட்டுவது தவறு என்று மட்டும் சொல்லியிருந்தால் அஃது எளிய அறிவுரையாக முடிந்திருக்கும். காட்டைக் காப்பவரையே கொலைகாரராகவும் காட்டுவதால், நன்னோக்கம் தீய செயலை நேர்செய்துவிடுமா என்று பார்வையாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள நேர்கிறது. லோவெலை அவருடைய மனச்சான்று விடுவதில்லை. இறுதியில், ஆளில்லாத அக்காட்டில் சிறிய இயந்திரம் ஒன்று பூவாளியால் செடிகளுக்கு நீர் வார்த்துக்கொண்டிருக்க, காடு விண்வெளியில் மிதந்து செல்கிறது.

வந்துபோன எதிர்காலம்

1973இல் ரிச்சர்டு பிளெய்ஷர் இயக்கிய ‘சாய்லன்ட் கிரீன்’ திரைப்படத்தின் கதை 2022ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் நிகழ்கிறது. நகரில் 4 கோடிப் பேர் நெருக்கியடித்து வாழ்கின்றனர். மாடிப்படிகளிலும் மனிதர்கள் உறங்குகின்றனர். வெப்பம் தணிவதில்லை. பெருநிறுவனம் ஒன்று பங்கிட்டுத் தரும் உணவு வில்லைகளே ஏழைகளின் உணவு. ஒரு புட்டி ஸ்ட்ராபெர்ரிப் பழப்பாகின் விலை 150 டாலர். பழைய உலகை அறிந்த முதியவர் ஒருவர், அரிதாகக் கிடைத்த இறைச்சித் துண்டைக் கண்டு கண்ணீர் விடுகிறார். அவரோடு வாழும் இளைய காவல் துறையினருக்கு, இழந்தது இன்னதென்றே தெரியாது. இழப்பை விடவும், இழந்ததை அறியாத தலைமுறை பெரிய துயரம் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

அப்படம் காட்டிய 2022 இப்போது கடந்துவிட்டது. நியூயார்க்கில் 4 கோடிப் பேர் இல்லை. ஏறத்தாழ 80 இலட்சம் பேரே வாழ்கின்றனர். கணக்கு பிழைத்தது. ஆயினும், பசுமை இல்ல விளைவால் வெப்பம் உயர்வதைப் பற்றி அப்படத்தின் மாந்தர் பேசியது இன்று நம் அன்றாடப் பேச்சாகிவிட்டது. அறிவியல் புனைவைச் சோதிடம்போல் பலித்ததா, பலிக்கவில்லையா என்று அளப்பது பொருந்தாது. தன் காலத்தில் தொடங்கிய ஒன்று இப்படியே நீடித்தால் எங்கே கொண்டுசேர்க்கும் என்று அது கணித்துக் காட்டுகிறது. அதைக் கண்டு மக்கள் வழியை மாற்றிக்கொண்டால், கணிப்புப் பொய்ப்பதும் நன்மையே.

இயந்திரமும் மனமும்

அதே 1973இல் மைக்கேல் கிரைட்டன் எழுதி இயக்கிய ‘வெஸ்ட்வேர்ல்டு’ வெளிவந்தது. மனிதரைப் போன்ற இயந்திரங்கள் நிறைந்த கேளிக்கைப் பூங்கா அதன் களம். பணம் செலுத்தி வருவோர் அவ்வியந்திரங்களைச் சுட்டு விளையாடலாம். பழுது மெல்லப் பரவ, விளையாட்டு உண்மையாகிறது. இயந்திரங்கள் மனிதரைத் திருப்பித் தாக்குகின்றன. துரத்திவரும் இயந்திரத்தின் பார்வையில் உலகம் எவ்வாறு தெரியும் என்பதைக் காட்ட, படச்சட்டங்களைக் கணினியின் துணையால் சிறு கட்டங்களாகப் பகுத்தனர். முழுநீளத் திரைப்படம் ஒன்றில் கணினிவழிப் படச்செயலாக்கம் இடம்பெற்றது இதுவே முதன்முறை.

சோவியத் ஒன்றியத்தில் ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1972இல் உருவாக்கிய ‘சோலாரிஸ்’ வேறு திசையில் சென்றது. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம்மின் புதினம் அதற்கு மூலம். தொலைதூரக் கோள் ஒன்றை ஆராயச் செல்லும் உளவியலாளர் முன், இறந்துபோன அவருடைய மனைவி உயிருடன் தோன்றுகிறார். அக்கோளை மூடியிருக்கும் கடல், மனிதரின் நினைவிலிருந்து அவ்வுருவைப் படைத்து அனுப்புகிறது. விண்மீன்களைத் தேடிப் போனவர் தம் குற்றவுணர்வையே அங்குச் சந்திக்கிறார். எவ்வளவு தொலைவு சென்றாலும் மனிதர் தம் மனத்தையும் சுமந்தே செல்வர் என்பது இப்படம் தரும் எண்ணம்.

கைகள் படைத்த விண்வெளி

இன்று கணினியால் எக்காட்சியையும் உருவாக்கிவிடலாம். அன்று அவ்வசதி இல்லை. ‘சைலன்ட் ரன்னிங்’ படத்தின் விண்கல உட்புறக் காட்சிகள், பணியிலிருந்து நீக்கப்பட்ட விமானந்தாங்கிக் கப்பலில் எடுக்கப்பட்டன. அதில் நடமாடும் சிறிய இயந்திரங்களுக்குள் இருந்து இயக்கியவர்கள் கால்களை இழந்த நடிகர்கள். ‘சோலாரிஸ்’ காட்டிய எதிர்கால நகரம், உண்மையில் டோக்கியோவின் நெடுஞ்சாலைகளே.

1977 மே 25 அன்று ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது. அதன் விண்கலங்கள் கையால் செய்த சிறு மாதிரிகள். அம்மாதிரியை நீலத்திரையின் முன் அசையாமல் நிறுத்தி, ஒளிப்படக் கருவியை நகர்த்திப் படம்பிடித்தனர். ஒரே அசைவை மீண்டும் மீண்டும் பிசகாமல் நிகழ்த்துமாறு அக்கருவியை மின்னணுவியல் வழியே கட்டுப்படுத்தினர். தனித்தனியே எடுத்த பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தபோது, திரையில் கலங்கள் பறந்தன. ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், வானொலிக் கோபுரத்தைத் தாங்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டி ஒளிக்கதிர்த் துப்பாக்கியின் ஓசையைப் பெற்றார். ஒளிவாளின் முரலும் ஓசைக்குத் திரைப்பட வீழ்த்தியின் மோட்டார் ஒலி உதவியது. காணாத உலகை, கையருகே இருந்த பொருள்களைக் கொண்டே அவர்கள் கட்டினர்.

எதிர்காலத்தில் யாருக்கு இடம்?

‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடர் அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. பார்ப்போர் குறைவு என்று நிறுத்தப்பட்ட அத்தொடர், 1970களில் உள்ளூர் அலைவரிசைகளின் மறு ஒளிபரப்பால் பெரும்புகழ் பெற்றது. 1976இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, அத்தொடரின் விண்கலப் பெயரான ‘எண்டர்பிரைஸ்’ சூட்டப்பட்டது. சுவைஞர்கள் எழுதிக் குவித்த கடிதங்களே அதற்குக் காரணம்.

அத்தொடரில் தகவல் தொடர்பு அலுவலர் உகூராவாக நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ் என்னும் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி. ஆனால், அன்றுவரை அமெரிக்காவிலிருந்து விண்ணுக்குச் சென்ற அனைவரும் வெள்ளையின ஆண்களே. கதையில் இருந்த இடம் வாழ்வில் ஏன் இல்லை என்று அவர் கேட்டார். 1977இல் விண்வெளி வீரர் பணிக்குப் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் விண்ணப்பிக்க அழைக்கும் பொறுப்பை நாசா அவரிடம் அளித்தது. அவர் கல்வி நிலையங்களுக்கும் அமைப்புகளுக்கும் சென்று பேசினார். 1978இல் தேர்வான 35 பேருள் 6 பேர் பெண்கள். மூவர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர்களுள் சாலி ரைடும் கையன் புளூஃபோர்டும் 1983இல் விண்ணுக்குச் சென்றனர். சிறுமியாக இருந்தபோது உகூராவைத் திரையில் கண்டு ஊக்கம் பெற்ற மே ஜெமிசன், 1992இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணியானார்.

ஒரு நடிகை மட்டுமே இம்மாற்றத்தைக் கொண்டுவந்தார் எனக் கூறுதல் மிகை. சட்டங்களும் போராட்டங்களும் பலருடைய உழைப்பும் அதன் பின்னால் உண்டு. எனினும், தன்னைப் போன்ற ஒருவரை அவ்விடத்தில் ஒருமுறையேனும் கண்டால்தான் நானும் அங்குச் செல்லலாம் என்னும் எண்ணம் ஒரு குழந்தைக்கு முளைக்கும். அவ்விதையை ஊன்றும் ஆற்றல் கதைக்கு உண்டு.

நிறைவாக

காடுகளின் அழிவு, உணவுப் பற்றாக்குறை, மனிதரை மிஞ்சும் இயந்திரம், விலகாத மனச்சான்று, மறுக்கப்பட்ட இடம் ஆகிய இவை அனைத்தும் 1970களின் மக்களை வருத்திய சிக்கல்கள். திரைக்கலைஞர்கள் அவற்றை எதிர்காலத்தில் நிறுத்திக் காட்டியதால், அருகில் இருந்தும் புலப்படாதவை தெளிவாகத் தெரிந்தன. இனி ஓர் அறிவியல் புனைவுப் படத்தைக் காணும்போது அதன் விண்கலங்களை வியந்து மகிழுங்கள். பிறகு, இக்கதை எந்த அச்சத்திலிருந்து பிறந்தது, இதில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்றும் கேட்டுப் பாருங்கள்.

கற்பவை கற்றபின்

1. கடைசிக் காட்டைக் காக்க லோவெல் எடுத்த முடிவு சரியா? இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உங்கள் ஊரின் நீர்நிலை எவ்வாறு இருக்கும்? இன்றைய நிலையை நேரில் கண்டறிந்து, அதன் அடிப்படையில் ஒரு சிறுகதை எழுதுக.