ஓடாத நாடா

நெசவாளிக்கு நாடா என்றால் பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைச் சுமந்து ஓடுவது. சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் அது அடிக்கும் சத்தம் தெருவுக்குத் தெரு கேட்கும். அந்த ஊரில் சேலை டிசைன் போட்டுத் தரும் ஒரு கூடத்தில், வேறொரு நாடா, கணினியின் காந்த நாடாவான டேப், பல வருஷமாக ஓடாமல் கிடந்தது. அதை ஓடவைத்த இரண்டு நாள் வேலையை உடனிருந்து பார்த்தேன்.

கூடத்தின் மூலையில், 1990-களின் கடைசியில் வாங்கிய கனமான ஒர்க்ஸ்டேஷன். அதன் முகப்பில் டேப் டிரைவ். எந்த ஆயுத பூஜைக்கு வைத்ததோ, சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து ஒட்டியிருந்தன. பீரோவில் உள்ளங்கைக்குள் அடங்கும் பதினோரு டேப்புகள். முந்தி, புட்டா, பார்டர் என்று ஒவ்வொன்றிலும் பேனாவால் எழுதியிருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போனதால், அந்தக் கால டிசைன்கள் மிச்சமிருப்பது இவற்றில் மட்டுமே.

“என்னங்க தம்பி, வந்துருமா?” என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். சேலத்திலிருந்து வந்திருந்த மெக்கானிக், “பார்க்கலாங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினார்.

அட்டையும் டேப்பும்

1804-இல் பிரான்சில் வந்த ஜக்கார்டு தறியின் அட்டை இன்றும் நம் பக்கத்துத் தறிகளில் தொங்குகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், பாவு நூல் எழும்பும்; துளை இல்லாவிட்டால் எழும்பாது. துளையிட்ட அட்டையை வைத்துத்தான் 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணினார்கள். 1951-இல் யூனிவாக் கணினி, தகவலைக் காந்த டேப்பில் எழுதியது. அட்டை பழசானாலும் வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரியும். டேப்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. படிக்கும் கருவி செத்தால், டேப் நன்றாக இருந்தும் டிசைன் போனதுதான்.

இரண்டு நாள் வேலை

டேப் டிரைவ் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. இந்த வகை இயந்திரத்தில் ஸ்கஸி என்ற ஒரே கேபிளில் டிஸ்க், டேப் எல்லாவற்றையும் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். யாரோ புது டிஸ்க்கை மாட்டியபோது டேப்புக்கும் அதற்கும் ஒரே எண் விழுந்துவிட்டது. மெக்கானிக் சின்ன ஜம்பரைப் பிடுங்கி டேப்பின் எண்ணை 4 என மாற்றினார். கேபிளின் கடைசியில் இருக்க வேண்டிய டெர்மினேட்டரும் இல்லை. அது இல்லாவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பிக் குழப்பும். அதையும் பொருத்தியதும் டிரைவின் பெயர் திரையில் வந்தது.

அடுத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் படிந்த அழுக்கைக் கிளீனிங் டேப் போட்டு எடுத்தார். டிசைன் டேப்பை உள்ளே விடுமுன், தவறியும் மேலே எதுவும் எழுதிவிடாதபடி அதிலிருந்த சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளிவைத்தார். அப்படியும் முதல் முயற்சியில் பிழைதான். டேப்பில் தகவல் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். தப்பான அளவில் கேட்டால் தராது. துண்டளவை 0 என்று வைத்தார். எழுதியிருக்கிற அளவிலேயே கொடு என்று அதற்குப் பொருள்.

இன்னொரு நுணுக்கமும் இருந்தது. லினக்ஸில் டிரைவை எஸ்டி0 என்று கூப்பிட்டால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்கே சுருண்டுவிடும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இவர்கள் மாதாமாதம் ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்ததால், முதல் பெயரில் கூப்பிட்டிருந்தால் முதல் மாதம் மட்டுமே திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

டிரைவ் மெல்ல முனகியது. திரையில் கோப்புப் பெயர்கள் வரிசையாக இறங்கின. முதலில் திறந்த படத்தைப் பார்த்ததும் உரிமையாளர் எழுந்து கிட்டே வந்தார். “இது மயில் முந்தி. அட்டை குத்தினதே நாந்தான்” என்றார்.

டேப் பழசில்லை

டேப் ஒழிந்துபோன பொருள் அல்ல. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனாளர்கள் சிலரின் அஞ்சல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. இணைப்பிலிருந்து விலகி அலமாரியில் இருக்கும் டேப்பை அந்தப் பிழையால் தொட முடியவில்லை. எல்டிஓ என்ற டேப் வகையில் 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். ஆனால் எல்டிஓ-8 டிரைவ், தன் தலைமுறையைத் தவிர, தனக்கு முந்தைய ஒரே ஒரு தலைமுறை டேப்பைத்தான் படிக்கும். டேப்பைப் பத்திரப்படுத்துவது பாதி வேலை. அதைப் படிக்கும் டிரைவ் கிடைக்கும்போதே புதியதற்கு மாற்றுவது மீதி.

நாமக்கல் லாரி ஆபீசிலும் ஆத்தூர் சவ்வரிசி ஆலையிலும் கோழிப்பண்ணையிலும் கணக்கு இன்று கணினியில்தான் இருக்கிறது. அங்கெல்லாம் பேக்கப் எடுத்தாயிற்றா என்று கேட்பார்கள். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தாயிற்றா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பதினோரு டேப்பில் ஒன்பது முழுதாக வந்தன. இரண்டு நடுவிலேயே நின்றுவிட்டன. அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, “அப்பவே ஒருதரம் போட்டுப் பார்த்திருக்கோணும்” என்றார் உரிமையாளர். மீட்டதை இரண்டு டிஸ்க்குகளில் பதிந்து, ஒன்றை நாமக்கல்லில் மகள் வீட்டுக்கு அனுப்பினார். இனி ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஒவ்வொரு டிஸ்க்கையும் திறந்து பார்த்த பிறகுதான் பொட்டு வைப்பதாக முடிவு செய்திருக்கிறார்.