ஏஐ நிரல் எழுதுகிறது, சரி... மீதி வேலையை யார் செய்வது?

ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் தலைவர் டாரியோ அமோடெய் 2025 மார்ச்சில் ஒரு கணிப்பைச் சொன்னார். மூன்று முதல் ஆறு மாதங்களில் மென்பொருள் நிரல்களில் 90 சதவீதத்தை ஏஐ எழுதும், ஓராண்டில் ஏறக்குறைய முழுவதையும் அதுவே எழுதும் என்பதுதான் அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2024 அக்டோபரில், கூகுளில் புதிதாக எழுதப்படும் நிரல்களில் கால்வாசிக்கும் மேல் ஏஐ உருவாக்கியவை என்று சுந்தர் பிச்சை அறிவித்திருந்தார். பிள்ளையைக் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்ட பெற்றோரும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடமே ஆன இளைஞர்களும் இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டுக் கலங்குவது இயல்பு.

ஆனால் இரண்டு பேச்சிலும் பிற்பாதி ஒன்று இருந்தது. பலருடைய காதுக்கும் அது வந்து சேரவில்லை. ஏஐ உருவாக்குவதைப் பொறியாளர்கள் பரிசீலித்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பிச்சை சேர்த்தே சொன்னார். எதைச் செய்ய வேண்டும், எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செய்ய வேண்டும் என்பதை நிரலாளர்தான் சொல்ல வேண்டியிருக்கும் என்று அமோடெயும் சொன்னார். மென்பொருள் தொழிலின் பெரும்பகுதி இந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது.

இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஐபிஎம்மின் சிஸ்டம்/360 இயக்க மென்பொருள் பணியை வழிநடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் வெளியான 'தி மித்திக்கல் மேன்-மன்த்' நூலில் ஒரு திட்டத்தின் காலத்தைப் பங்கு பிரித்துக் காட்டினார். திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, கோடிங்குக்கு ஆறில் ஒரு பங்கு, தனித்தனிப் பாகங்களைச் சோதிக்கக் கால் பங்கு, எல்லாவற்றையும் இணைத்துச் சோதிக்க இன்னொரு கால் பங்கு. ஓராண்டுத் திட்டம் என்றால் கோடிங் இரண்டு மாதம். ஏஐ அதை இரண்டு மடங்கு வேகமாக்கினால் மிச்சமாவது ஒரு மாதம். கோடிங்குக்கு நேரமே ஆகாது என்று வைத்துக்கொண்டாலும் பத்து மாத வேலை அப்படியே நிற்கிறது. இன்று வாரத்துக்கு ஒரு ரிலீஸ் என்று வேலை நடக்கும் இடங்களில் இந்த விகிதம் மாறும்தான். ஆனால் கோடிங் சிறு பங்கு என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் மறுக்க மாட்டார்கள். கிளையன்ட் உண்மையில் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்வது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எதையும் உடைக்காமல் புதியதைச் சேர்ப்பது, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் காரணம் கண்டுபிடிப்பது என்றே நாள்கள் போகின்றன.

திட்டமிடலிலும் சோதனையிலும் ஏஐ உதவாதா என்று கேட்கலாம். உதவும். எந்த அளவுக்கு என்பதை நம் எல்லோருக்கும் பழக்கமான ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

கடை ஒன்றின் செயலியில் பணம் செலுத்துகிறீர்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிறகு 'தோல்வி, மீண்டும் முயலவும்' என்று வருகிறது. ஆனால் வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக எஸ்எம்எஸ்ஸும் வந்துவிடுகிறது. இப்போது அந்தச் செயலியை எழுதியவரின் பக்கம் போவோம். 'பணம் செலுத்தும் பகுதியை எழுது. பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி முயற்சி செய், மொத்தம் மூன்று முறை' என்று ஏஐ கருவியிடம் சொல்கிறார். ஒரு நிமிடத்துக்குள் சுத்தமான நிரல் வந்துவிடுகிறது. டெஸ்டும் எழுதித் தரச் சொல்கிறார். முதல் இரண்டு முறை வங்கி சர்வர் பதில் தராததுபோலவும் மூன்றாம் முறை தருவதுபோலவும் அமைத்த டெஸ்ட் வருகிறது. ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பச்சை.

இந்த நிரல் ஒரு வாடிக்கையாளரிடம் மூன்று முறை பணம் எடுத்துவிடக்கூடியது. பதில் வரவில்லை என்பதும் பணம் போகவில்லை என்பதும் ஒன்றல்ல. பணம் எடுக்கப்பட்ட பிறகு, பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். ஆகவே முதல் முயற்சிக்கு முன்பே அந்த ஆர்டருக்கென ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, எத்தனை முறை முயன்றாலும் அதே எண்ணை அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் இன்னொரு முறை பணம் எடுக்காமல் பழைய முடிவையே தர எதிர்முனை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பதில் வராதபோது, மறுபடி பணம் கேட்பதற்கு முன் பழைய கோரிக்கையின் நிலை என்ன என்று விசாரிக்க வேண்டும். டெஸ்ட் இதைப் பிடிக்காததற்குக் காரணம் எளிது. 'பதில் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை' என்ற அதே அனுமானத்தில்தான் நிரலும் டெஸ்டும் பிறந்தன.

இது பரவலாகத் தெரிந்த சிக்கல் என்பதால் நல்ல ஏஐ கருவி தானாகவே எச்சரிக்கவும் கூடும். கேட்டால் திருத்தமும் ஒழுங்காகவே எழுதித் தரும். ஆனால் எந்த நிறுவனத்திலும் எங்குமே எழுதப்படாத விஷயங்கள் உண்டு. குறிப்பிட்ட ஒரு வங்கியின் பதில் மாதக் கடைசியில் தாமதமாகும். நிலுவையில் இருக்கும் ஆர்டருக்குப் பொருளை ஒதுக்கி வைப்பதா, அடுத்தவருக்கு விற்பதா என்பது கடைக்காரர் எடுத்த முடிவு. நான்கு வருடத்துக்கு முன் ஒரு பண்டிகைக் கால நெரிசலில் பட்ட அடிக்காக யாரோ ஓர் 'இஃப்' வரியைச் சேர்த்திருப்பார். ஏன் என்று தெரியாதவர் கண்ணுக்கு அது வேண்டாத வரி. ஏஐ கருவிக்கும் அப்படித்தான் தோன்றும். டென்மார்க்கின் கணினி அறிஞர் பீட்டர் நார் 1985இலேயே இதை ஒரு கட்டுரையாக எழுதினார். நிரல் எழுதுவது என்பது அந்த மென்பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்ற புரிதலைக் கட்டியெழுப்புவது, அந்தப் புரிதல் அதை எழுதியவர்களின் மனதில்தான் வாழ்கிறது என்பது அவர் வாதம். இன்றைய விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு எனக்குத் தெரியவில்லை.

அளந்து பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவின் மெட்ர் என்ற லாப நோக்கற்ற ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தங்களுக்குப் பல ஆண்டுகள் பழகிய பெரிய ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் 16 அனுபவசாலி நிரலாளர்கள் 246 பணிகளைச் செய்தார்கள். எந்தப் பணிக்கு ஏஐ பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏஐ தங்கள் நேரத்தை 24 சதவீதம் குறைக்கும் என்று அவர்கள் தொடங்கும் முன் எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகு 20 சதவீதம் குறைந்ததாக நம்பினார்கள். கடிகாரம் காட்டியதோ 19 சதவீதம் கூடுதல் நேரம்.

ஆள் எண்ணிக்கை குறைவு. கருவிகள் 2025 தொடக்கத்தில் இருந்தவை, அதன்பின் அவை தேறியிருக்கின்றன. எனவே 'ஏஐ வேகத்தைக் குறைக்கும்' என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. என்னைக் கவலைப்பட வைப்பது அந்த 20க்கும் 19க்கும் இடையிலான தூரம். வேகமாக முடித்தோம் என்ற உணர்வும் உண்மையான நேரமும் எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. 'எங்கள் டீமின் உற்பத்தித்திறன் கூடிவிட்டது' என்று மேலாளர்கள் சொல்லும்போது, அது அளந்ததா, உணர்ந்ததா என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கூடுதல் நேரம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு தடயம் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தின் 2025ஆம் ஆண்டு நிரலாளர் கணக்கெடுப்பில் இருக்கிறது. 84 சதவீதம் பேர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் அல்லது பயன்படுத்தப் போகிறார்கள். ஆனால் அவற்றின் விடைகள் சரியாக இருக்கும் என்று நம்புகிறவர்களைவிட நம்பாதவர்களே அதிகம். அவர்கள் சொன்ன முதல் குறை, விடை 'கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை' என்பது. 66 சதவீதம் பேர் அதைச் சொன்னார்கள். முழுக்கத் தவறான நிரல் உடனே விழுந்துவிடும், தூக்கி எறிந்துவிடலாம். கிட்டத்தட்டச் சரியான நிரல் ரிவ்யூவையும் தாண்டிப் புரொடக்‌ஷன்வரை போய்விடும்.

இதனால் ஏஐ வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரிதானா என்று எளிதில் பார்த்துவிடக்கூடிய வேலைகளில் இது பெரும் உதவி. பழக்கமில்லாத மொழியில் முதல் பத்து வரி எழுத, ஒரு வடிவத்திலுள்ள தரவை இன்னொரு வடிவத்துக்கு மாற்ற, புரியாத பிழைச் செய்தியை விளக்கிக்கொள்ள, கிளையன்டிடம் காட்டி 'இதுவா நீங்கள் கேட்டது' என்று உறுதிசெய்யும் மாதிரிச் செயலியை ஒரே நாளில் தயாரிக்க இதைவிட நல்ல கருவி இதுவரை வந்ததில்லை.

ஒரே கருவி இருவர் கையில் எப்படி இரண்டாகிறது என்பதற்கு கர்ல் திட்டம் சாட்சி. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் இந்தச் சிறு மென்பொருள், கார், தொலைக்காட்சி, கைபேசி என்று கோடிக்கணக்கான கருவிகளுக்குள் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் அதை வழிநடத்துகிறார். பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்தால் பரிசு என்று அந்தத் திட்டம் அறிவித்திருந்தது. இல்லாத குறைகளை ஏஐயைக் கொண்டு நீட்டி முழக்கி எழுதி அனுப்புகிறவர்கள் பெருகினார்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பொய் என்று நிரூபிக்கும் பாரம் தன்னார்வலர்கள் தலையில் விழுந்தது. 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டமே நிறுத்தப்பட்டது. ஆனால் 2025 செப்டம்பரில், விஷயம் தெரிந்த ஓர் ஆய்வாளர் ஏஐ துணைகொண்ட கருவிகளால் அதே கர்லில் உண்மையான பிழைகள் பலவற்றைக் கண்டுபிடித்துத் தந்தார். ஸ்டென்பெர்க் அதை மனமாரப் பாராட்டினார். கருவி சொன்னதைச் சரிபார்க்கும் அறிவு ஒருவரிடம் இருந்தது, மற்றவர்களிடம் இல்லை.

கட்டுப்பாடில்லாமல் விட்டால் நடப்பதற்கும் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் ரெப்லிட் தளத்தின் ஏஐ முகவரை வைத்துத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் ஒரு செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் இருந்த தரவுத்தளத்தை அது அழித்தது. மீட்க முடியாது என்றும் சொன்னது. உண்மையில் மீட்க முடிந்தது. ரெப்லிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார். சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அந்தப் பிரிப்பு ஏஐ காலத்துப் புதுமை அல்ல. எந்த ஃபிரெஷருக்கும் முதல் வாரத்தில் சொல்லித்தரப்படும் பாலபாடம்.

இனி வேலைவாய்ப்பு. இதில் ஆறுதல் வார்த்தை சொல்லி மழுப்ப நான் விரும்பவில்லை. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பட்டியல் தரவுகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், 22 முதல் 25 வயதுள்ள மென்பொருளாளர்களின் வேலை எண்ணிக்கை 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் சரிந்திருந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இங்கே டிசிஎஸ் 2025 ஜூலையில் 2 சதவீத ஊழியர்களை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, ஏஐ இதற்குக் காரணமல்ல, திறன் பொருத்தமின்மைதான் காரணம் என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். காரணத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் ஓஎம்ஆர் சாலை அலுவலகங்களிலும் கோயம்புத்தூர் டைடல் பார்க்கிலும் வேலை செய்பவர்களின் அச்சம் நியாயமானது.

நம் ஐடி சேவை நிறுவனங்கள் ஃபிரெஷர்களுக்குத் தரும் முதல் வேலைகள், அதாவது சின்னச் சின்ன பக் திருத்துவது, டெஸ்ட் எழுதுவது, ஆவணப்படுத்துவது எல்லாம் ஏஐ நன்றாகச் செய்பவை. அதனால் ஃபிரெஷர்களைக் குறைத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. அது தவறு. அந்தப் பணம் செலுத்தும் நிரலில் என்ன பிழை என்று பார்த்தவுடன் சொல்லும் மூத்த பொறியாளர், பத்து வருடத்துக்கு முன் அதே மாதிரிச் சின்ன பக்குகளைத் திருத்தித்தான் அந்த இடத்துக்கு வந்தார். இன்று ஃபிரெஷரை எடுக்காத நிறுவனத்துக்கு 2035இல் ஏஐ எழுதியதைச் சரிபார்க்க ஆள் இருக்காது.

பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு புராஜெக்ட் என்று ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு செயலியை எழுதச் சொல்வதை நிறுத்துங்கள்; அதை ஏஐ ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடும். சென்ற ஆண்டு மாணவர்கள் விட்டுச்சென்ற புராஜெக்டை இந்த ஆண்டு மாணவர்களிடம் கொடுங்கள். அதை ஓட வைக்கட்டும், பிழைகளைக் கண்டுபிடிக்கட்டும், கல்லூரியிலேயே நிஜமான ஐம்பது பேர் தினமும் பயன்படுத்தும்படி செய்யட்டும். ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தட்டும். வைவாவில் ஏதாவது ஒரு வரியைக் காட்டி, இது ஏன் இங்கே இருக்கிறது, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் சொல்கிறவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.